அவளுக்காக நான் கட்டிய பூப்பொட்டலம்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அப்போது நான் நாமக்கல்லை அடுத்த ஒரு கோழித் தீவன ஆலையில், தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். மக்காச்சோளம் ஏற்றி வரும் லாரிகளில் மூட்டைக்கு மூட்டை குத்தூசியை இறக்கி மாதிரி எடுத்து, ஈரம் எவ்வளவு, பூஞ்சை விஷம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, 'இறக்கு' அல்லது 'திருப்பு' என்று சொல்வது என் வேலை. நான் திருப்பச் சொன்னால் முதலாளியே மறுபேச்சு பேசமாட்டார். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே உண்டு.

அதற்குச் சில வருடம் முன்பே எனக்குக் கீழே ஒரு பெண் வந்து சேர்ந்திருந்தாள். படிப்பு முடித்த கையோடு வந்தவள். குத்தூசியை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து, டிரைவர்கள் சத்தம் போட்டால் எப்படிக் காது கேட்காத மாதிரி நிற்பது என்பதுவரை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆறு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பொரியலை அவள் பாட்டுக்கு எடுத்துக்கொள்வாள். எனக்குத் தங்கை கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று வீட்டில் சொல்லுவேன்.

ஒருநாள், எங்கள் ஆலைக்கு ஆலோசனை சொல்லும் கால்நடை டாக்டர் ஒருவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அமெரிக்காவின் நட்டநடுவில், சோளக்காட்டுக்கு மத்தியில் இருக்கும் ஒரு சின்ன ஊரில், பெரிய முட்டைப் பண்ணைக்குத் தீவனத் தரம் பார்க்க ஆள் வேண்டுமாம். அந்த மின்னஞ்சல் எனக்குத்தான் வந்தது. எனக்கு மட்டும். நான்தான் அவளைக் கூப்பிட்டு, "இங்க வா புள்ள, இதைப் பாரு" என்று காட்டினேன். காட்டிய இந்த வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். இரண்டு பேரையும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசினார்கள். "முதலாளி வற்புறுத்தினால் கெட்ட சரக்கை இறக்குவீர்களா?" என்று கேட்டார்கள். மேலதிகாரியிடம் தெரிவிப்பேன் என்று நான் பதவிசாகச் சொன்னேன். அவளோ, ஒரு தடவை ஈரச் சோளம் கொண்டுவந்த லாரியைத் திருப்பி அனுப்பியதையும், டிரைவர் மூன்று மணி நேரம் கேட்டை மறித்துக்கொண்டு நின்றதையும் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் சிரித்துவிட்டார்களாம். அந்த லாரியைத் திருப்பச் சொன்னதே நான். வெயிலில் நின்று டிரைவரிடம் பேசியது மட்டும்தான் அவள்.

வேலை அவளுக்குக் கிடைத்தது.

மைசூர்பாகு வாங்கி வந்து முதல் துண்டை என் வாயில்தான் ஊட்டினாள். "எல்லாம் உங்களாலதானுங்க்கா" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கழிவறைக்குப் போய் அந்தத் துண்டைத் துப்பிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றுமே சரியில்லை. அந்த ஊரை இணையத்தில் தேடிப் பார்த்தேன். அந்த ஊர் மொத்த ஜனமே, எங்கள் ஆலைக்கு எதிரே உள்ள பண்ணையில் ஒரு ஷெட்டில் இருக்கும் கோழிகளைவிடக் குறைவு. ஒரு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தண்ணீர் டேங்க், மீதியெல்லாம் சோளக்காடு. வருடத்தில் பாதி நாள் பனியாம். எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் யாராவது ஆசைப்படும் ஊரா அது? ஆனால் எனக்கு ஆசையாக இருந்தது. அந்தப் பெட்ரோல் பங்க் மேல்கூட ஆசையாக இருந்தது. எங்கள் லாரிகளில் வரும் சோளத்தில் பாதி தூசியும் தும்பும். அங்கே படத்தில் பார்த்த சோளம் பல் வரிசை மாதிரி அவ்வளவு சுத்தம். சோளத்தைப் பார்த்து வயிறெரிந்த பொம்பளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஸ்வெட்டர் வாங்க வேண்டும், கூட வாங்க என்று சேலத்துக்குக் கூட்டிப் போனாள். மாந்துளிர் நிறத்தில் ஒன்று அவளுக்கு அத்தனை எடுப்பாக இருந்தது. "அது வேண்டாம், வெளுத்துப் போகும்" என்று சொல்லி, கோணிச் சாக்கு நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அதையே வாங்கிக்கொண்டாள். மேனேஜர் அவளுக்கு அனுபவச் சான்று எழுதச் சொன்னபோது நான்கு வரியில் முடித்தேன். வீட்டில் என் கணவர், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருந்து வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, வயித்தெரிச்சலா?" என்று விளையாட்டாகக் கேட்டார். அதற்கு நான் போட்ட சத்தத்தில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். விளையாட்டுக்குக் கேட்டதற்கா இவ்வளவு கோபம் என்று எனக்கே வெட்கமாகப் போனது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அவள் அம்மா ஒரு முட்டுக்கட்டையைப் போட்டார்கள். அப்பா இல்லாத பெண். அம்மா ஒற்றை ஆளாகக் காட்டு வெள்ளாமையைப் பார்த்து, ஆடு வளர்த்துப் படிக்க வைத்தவர்கள். கல்யாணம் ஆகாத பிள்ளையைக் கடல் கடந்து அனுப்ப அவர்களுக்கு மனசு ஒப்பவில்லை. கடைசியில், "குலசாமி கோயில்ல பூக் கேப்போம். வெள்ளைப்பூ வந்துச்சுன்னா போ. செவப்பு வந்துச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கப்படாது" என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பூக் கேட்காமல் பெரிய காரியம் எதுவும் நடக்காது. கிணறு வெட்டவும் கேட்பார்கள், பெண் எடுக்கவும் கேட்பார்கள். இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாத மாதிரி கட்டி, சாமி காலடியில் வைத்து, பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். அதுதான் சாமி வாக்கு. அவளும் அதை முழுசாக நம்புகிறவள். "வெள்ளை வந்துட்டா எனக்கு ஒரு பயமும் இல்லீங்க்கா. பனியாவது ஒண்ணாவது, தைரியமாப் போயிருவேன்" என்றாள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மல்லசமுத்திரம் பக்கம் அவர்கள் குலசாமி கோயில். என்னையும் கூட்டிப் போனார்கள். பொங்கல் வைத்து முடிந்ததும், அவள் அம்மா பூக்கூடையையும் வாழை இலையையும் என்னிடம் நீட்டினார்கள்.

"நீயே கட்டிக் குடு கண்ணு. எங்க ஊட்டு ஆளு கட்டுனா மனசு ஒரு பக்கம் சாஞ்சு போகும். நீதான் பொதுவான ஆளு."

பொதுவான ஆள்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கூடையை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை என் மனதில் ஒன்றும் இல்லை. முதல் பொட்டலத்தில் செவ்வரளியை வைத்து மடித்து நாரால் கட்டினேன். அப்போது கோயில் முன்னால் அவள் அம்மா யாரோ சொந்தக்காரர்களிடம் பேசுவது காதில் விழுந்தது. "அந்தக் கம்பெனிக்காரங்க வயசுல மூத்தவங்க, ரொம்ப வருசம் வேலை பாத்தவங்க எல்லாத்தையும் வேண்டாம்னுட்டு எம்புள்ளையத்தானுங்க புடிச்சாங்க. அறிவு வேணுமல்லங்க."

மூத்தவள், ரொம்ப வருடம் வேலை பார்த்தவள் நான். அறிவில்லாதவளும் நான். காது இரண்டும் ஜிவ்வென்று ஆகிவிட்டது. அடுத்த இலைத் துண்டை எடுத்தேன். கூடைக்குள் கை போனது. வந்தது செவ்வரளி. அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தெரிந்துதான் வைத்தேன். மடித்து, நாரைச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டேன்.

இரண்டு பொட்டலமும் சாமி காலடிக்குப் போயின. பூசாரி கண்ணை மூடி, என்னவோ முணுமுணுத்து, ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. அவள் அம்மா "அப்பாடா" என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் அழவில்லை. சாமியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொங்கல் வாங்கிய சிறுபிள்ளையிடம் இருந்து இலையைப் பிடுங்கிய மாதிரி இருந்தது அந்த முகம். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான், மறைப்பானேன். வயிற்றில் இரண்டு மாதமாக இருந்த எரிச்சல் சட்டென்று அடங்கியது. பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

பிரிக்காத பொட்டலத்தைக் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும், அதுதான் வழக்கம். அவளே அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். போனவள் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பொட்டலத்தைக் கைக்குள் மூடிப் பிடித்தபடி வந்து, பூசாரி முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, இந்தப் பொட்டணம் கட்டு அவுந்து கெடக்குதுங்க. கட்டு அவுந்த பூவுல கேட்டது செல்லுமுங்களா?"

"அதெப்படிங்க செல்லும்? மறுக்காக் கட்டித்தான் கேக்கோணும்" என்றார் பூசாரி.

மூன்று முடிச்சுப் போட்டவள் நான். அது தானாக அவிழ வழியே கிடையாது. இப்போது சொல்லப்போகிறாள், அத்தனை பேர் முன்னால் என் மானம் போகப்போகிறது என்று தூணைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள். ஒரு பார்வை. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா காத்தால இருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கறாங்க. கை நடுங்கிருச்சாட்ட இருக்குது. இந்தத் தரம் நானே கட்டறேனுங்க" என்றாள்.

"நீயே கட்டறதா?" என்று அவள் அம்மா இழுத்தார்கள்.

"கட்டட்டுங்க, கேக்கறதே அவுங்கதானுங்க" என்றார் பூசாரி.

கட்டினாள். இந்தத் தடவை வெள்ளை வந்தது. அம்மா ஓவென்று அழுது, மகளைக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்து அணைத்துக்கொண்டார்கள். மற்றப் பொட்டலத்தை அவளே வாங்கிக் கிணற்றில் வீசினாள்.

திரும்பி வரும்போது அவள் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. வழியில் வண்டியை நிறுத்தி, "சாப்புடுங்க்கா" என்று இட்லி வாங்கிக் கொடுத்தாள். அவள் பிரித்துப் பார்த்திருக்க மாட்டாள், நார் உண்மையிலேயே நழுவியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளில் அதை நம்பியும்விட்டேன். நான் செய்த கோளாறைச் சாமியே சரி பண்ணி வெள்ளையைக் கொடுத்துவிட்டது, யாருக்கும் நஷ்டம் இல்லை என்று முடித்துக்கொண்டேன். அப்படி முடித்துக்கொண்டதும் என்ன ஆனது தெரியுமா? பழைய பொறாமை திரும்பி வந்துவிட்டது. கம்பெனிக்காரன்தான் அவள் பக்கம் என்றால் சாமியும் அவள் பக்கம்தானா? எனக்காக எந்தச் சாமி இப்படி ஓடி வந்திருக்கிறது? அவள் சாமி மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

ஐப்பசியில் கிளம்பிப் போனாள். போய்ச் சேர்ந்ததும் படம் படமாக அனுப்பினாள். தனி வீடு. பழைய காராக இருந்தாலும் சொந்தக் கார். என் கையில் குத்தூசி, அவள் கையில் ஸ்டீயரிங். முதல் பனியில் அந்தக் கோணிச் சாக்கு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்ற படத்தில்கூட அழகாகத்தான் இருந்தாள். 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை பதில் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் பேசக் கூப்பிட்டால் பாதி நேரம் எடுக்கமாட்டேன். வேலை அதிகம் என்று சொல்லிவிடுவேன்.

தை மாதம் ஒரு நாள். காலை ஆறரை மணி. பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு டிபன் கட்டிக்கொண்டு, அடுப்பில் பாலை வைத்திருந்தேன். அமெரிக்காவிலிருந்து அவள் அழைப்பு. அங்கே அது முந்தைய நாள் சாயங்காலம். என்னவோ அன்றைக்கு எடுத்தேன்.

"அக்கா, நான் நல்லாத்தான் இருக்கறேனுங்க. மொதல்ல அதக் கேட்டுக்கங்க" என்றாள். பல் கிட்டித்துப் பேசுகிற குரல்.

வேலை முடிந்து வரும்போது ரோட்டில் பனி கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்திருக்கிறது. வண்டி வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, சோளக்காட்டு ஓரப் பள்ளத்தில் போய் விழுந்திருக்கிறது. கதவு திறக்கவில்லை. ஒரு ஈ காக்காய் இல்லாத ரோட்டில் முக்கால் மணி நேரம் உள்ளேயே கிடந்திருக்கிறாள். அப்புறம் அந்த வழியாக டிராக்டரில் வந்த ஒரு விவசாயி கட்டி இழுத்து வெளியில் எடுத்து, வீடுவரை கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் நடுக்கம் நிற்கவில்லை.

"அம்மாகிட்டச் சொன்னியா?" என்றேன்.

"இல்லீங்க்கா. சொல்ல முடியாதுங்க." பிறகு மெதுவாகச் சொன்னாள். "உள்ள கெடந்தப்ப ஒண்ணேதானுங்க நெனச்சேன். சாமிகிட்ட நெசமாக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருக்கும்னு."

"அதுதான் வெள்ளை வந்துச்சே புள்ள..."

"நீங்க ரெண்டுலயும் செவப்பு வெச்சீங்க. கெணத்துகிட்ட பிரிச்சுப் பாத்தேன். அந்தக் கோவத்துல நான் ரெண்டுலயும் வெள்ளைய வெச்சுட்டேன். நாம ரெண்டு பேருமாச் சேந்து சாமிய வாயத் தொறக்கவே உடலீங்க்கா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கக் கை வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிச்சுக்க புள்ள, மன்னிச்சுக்க என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பொறாமையில் செய்தேன் என்றும் சொன்னேன். மைசூர்பாகைத் துப்பியதுவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த ஸ்வெட்டர் விஷயத்தைச் சொன்னபோது மட்டும், அந்த நடுக்கத்திலும், "அடப்பாவி அக்கா" என்றாள்.

"நான் உங்களத் திட்டறதுக்குக் கூப்புடலீங்க" என்றாள் பிறகு. "வெள்ளை வந்ததால ஒண்ணும் ஆகாதுன்னு அம்மா நிம்மதியாத் தூங்குது. அந்த நிம்மதி எனக்கு இல்லீங்க்கா. ஒவ்வொரு தரமும் வண்டிய எடுக்கறப்ப பயமா இருக்குது. அதச் சொல்ல வேற ஆளும் இல்ல. விசயம் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். சும்மா லைன்ல இருங்க, போதும்."

இருந்தேன். மகள் பள்ளிக்கூட பஸ்ஸை விட்டுவிட்டாள். என் கணவர் ஒன்றும் கேட்காமல் அடுப்பை அணைத்துவிட்டு, மகளைத் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். எதிர்முனையில் அவள் ஏதோ சமைக்கும் சத்தம் கேட்டது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

வைக்கப்போகும் நேரத்தில், "நான் வேண்ணா இந்த ஞாயித்துக்கெழமையே கோயிலுக்குப் போயி, ஒழுங்காக் கட்டிக் கேக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாங்க்கா" என்றாள் பதறிப்போய். "இப்பக் கேட்டு செவப்பு வந்துட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

போனை வைத்துவிட்டு, பால் வழிந்த அடுப்பைத் துடைத்தேன்.

அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வேலையில் நல்ல பேர். பனிக்காலம் வந்துவிட்டால், வீடு வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டாள். அது வரும்வரை எனக்கும் கையில் வேலை ஓடாது. பொறாமை அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், அதுவும் இல்லை. போன மாதம் அவளுக்குப் பதவி உயர்வு என்று கேட்டதும் சுருக்கென்றுதான் இருந்தது. அவள் அம்மாவைச் சந்தையில் பார்க்கிறபோதெல்லாம், "நம்ம சாமி குடுத்த வாக்கு, புள்ள நல்லா இருக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். அவளிடமிருந்து ஒரு வேலையைத்தான் தட்டிப் பறிக்க நினைத்தேன். வேலை போகவில்லை, நான் பறித்தது அவளுக்கு அவள் சாமி சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை; அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.